கம்ப்யூட்டரில் இப்போது என்னென்ன ஓடுகிறது? ப்ராசஸ் பட்டியல் எடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவிக்கான கட்டளைத் தொகுப்பு) மூலம் பட்டியலிட்டு, ஃபைலாகச் சேமித்து, அதை எப்படி வாசிப்பது என்பது பற்றிய கேள்விகள் இவை. அலுவலகத்தில் நாலைந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர், கல்லூரி லேபில் இருப்பவர், வீட்டில் “சிஸ்டம் ஏன் இப்படி இழுக்கிறது” என்று தலையைச் சொறிபவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கீபோர்டில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். லினக்ஸ்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது.

டாஸ்க் மேனேஜர் இருக்கும்போது ஸ்கிரிப்ட் எதற்கு?

கண்ணால் ஒரு தடவை பார்க்க டாஸ்க் மேனேஜர் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். ஆனால் அது நேற்று என்ன ஓடியது என்று சொல்லாது. மூடினால் போயிற்று.

ஸ்கிரிப்டின் லாபம், கையில் ஒரு ஃபைல் மிஞ்சுவது. சிஸ்டம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டால், கோளாறு வந்த நாளில் இன்னொன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம். நூற்றைம்பது ப்ராசஸில் எது சந்தேகத்துக்குரியது என்று தேடுவதும், “போன மாதம் இல்லாமல் இந்த மாதம் வந்தவை இந்த நாலு” என்று தொடங்குவதும் ஒரே வேலை இல்லை. இந்த ஒப்பிடும் வசதிக்காக மட்டுமே ஸ்கிரிப்ட் எழுதலாம் என்பது என் கட்சி.

ப்ராசஸ் என்பது புரோகிராம்தானே?

டிஸ்க்கில் சும்மா கிடக்கும் ஃபைல், புரோகிராம். அதை இயக்கி மெமரியில் ஏற்றிய பின், தனக்கென்று ஒரு எண்ணோடும் இடத்தோடும் ஓடும்போது அது ப்ராசஸ். நோட்பேடை மூன்று தடவை திறந்தால் புரோகிராம் ஒன்றுதான், ப்ராசஸ் மூன்றாகலாம்.

ஒரே வரியில் பட்டியல் எடுக்க முடியுமா?

முடியும். கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து ‘டாஸ்க்லிஸ்ட்’ என்று அடித்தாலே பெயர், எண், மெமரி எல்லாம் ஓடி வந்துவிடும். பவர்ஷெல்லில் ‘கெட்-ப்ராசஸ்’. அவசரத்துக்கு இவை போதும்.

போதாதது எங்கே என்றால், ஒரு ப்ராசஸைப் பற்றி நமக்கு உண்மையில் வேண்டிய மூன்று விஷயங்களில். அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது, யார் அதைத் தொடங்கிவைத்தது, என்ன கட்டளை வரியோடு, அதாவது எந்த முழுக் கட்டளையால், தொடங்கியது. டாஸ்க்லிஸ்ட் இவற்றைக் காட்டாது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் கெட்-ப்ராசஸும் கட்டளை வரியைத் தராது. பவர்ஷெல் 7-இல்தான் அந்த வசதி வந்தது. ஆகவே நேராக விண்டோஸின் மேலாண்மைத் தகவல் கிடங்கான டபிள்யூஎம்ஐ-யிடம் கேட்டுவிடுவது நல்லது. அதில் ‘வின்32 அண்டர்ஸ்கோர் ப்ராசஸ்’ என்று ஒரு வகுப்பு உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கூடவே வருகிறது. இன்றும் மாறாமல் வேலை செய்கிறது.

சரி, ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது?

நோட்பேடில் எழுதி, பெயரின் முடிவில் புள்ளி பிஎஸ்1 என்று போட்டுச் சேமித்தால் அது பவர்ஷெல் ஸ்கிரிப்ட். உள்ளே இரண்டே வாக்கியம்.

முதல் வாக்கியம் ஃபைல் பெயருக்கு. ‘கெட்-டேட்’ கட்டளைக்கு ‘ஃபார்மேட்’ கொடுத்து ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம் வரும்படி ஒரு சொல்லை உருவாக்கி, ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பெரிய எழுத்து எம் மாதம், சின்ன எழுத்து எம் நிமிடம். மாற்றிப் போட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைல் பெயரில் மாதம் 47 என்று நிற்கும்.

இரண்டாவது வாக்கியம்தான் வேலை. ஒன்றின் விளைவை அடுத்ததற்குத் தரும் பைப் குறியால் (|) நாலு துண்டுகளை இணைக்க வேண்டும். ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32 அண்டர்ஸ்கோர் ப்ராசஸ்’ முதல் துண்டு. அடுத்து ‘சார்ட்-ஆப்ஜெக்ட் நேம்’, பெயர் வாரியாக அடுக்க. மூன்றாவது ‘செலக்ட்-ஆப்ஜெக்ட்’. அதற்குப் பின்னால் நமக்கு வேண்டிய பத்திகளை (அட்டவணையின் நெடுவரிசைகளை) காற்புள்ளி போட்டு எழுதுங்கள்: நேம், ப்ராசஸ்ஐடி, பேரன்ட்ப்ராசஸ்ஐடி, கிரியேஷன்டேட், வொர்க்கிங்செட்சைஸ், எக்ஸிக்யூட்டபிள்பாத், கமாண்ட்லைன். நாலாவது, காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைலாக (சிஎஸ்வி) சேமிக்கும் ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி’, அதோடு ஃபைல் பெயர், ‘நோடைப்இன்ஃபர்மேஷன்’, ‘என்கோடிங் யுடிஎஃப்8’.

நோடைப்இன்ஃபர்மேஷன் போடாவிட்டால் 5.1-இல் ஃபைலின் முதல் வரியில் தேவையில்லாத ஒரு குறிப்பு உட்கார்ந்துகொள்ளும். என்கோடிங் ஏன் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பலர் அழகாக வரட்டும் என்று நடுவில் ‘ஃபார்மேட்-டேபிள்’ சேர்ப்பார்கள். வேண்டாம். அது திரைக்கு அலங்காரம் செய்யும் கட்டளை. அதற்குப் பிறகு எக்ஸ்போர்ட் செய்தால் ஃபைலில் ப்ராசஸ் விவரம் எதுவும் இருக்காது, அலங்காரக் குறிப்புகள்தான் இருக்கும்.

ஸ்கிரிப்டை ஓட்டினால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறதே?

“இந்த கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை” என்ற பொருளில் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டு, அலுவலக விண்டோஸில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது ஆரம்பத்தில் மூடியே இருக்கும். ‘செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு’ என்று அடித்து, ‘ஸ்கோப் கரன்ட்யூசர்’ என்பதையும் சேர்த்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் திறக்கும். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடும். நெட்டிலிருந்து இறக்கியது கையொப்பம் இல்லாமல் ஓடாது. ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

பாதையும் கட்டளை வரியும் பல ப்ராசஸ்களுக்குக் காலியாக வருகின்றன. ஏன்?

சாதாரணப் பயனராக ஓட்டியிருப்பீர்கள். பிறர் கணக்கில் ஓடும் ப்ராசஸின் உள்விவரத்தை விண்டோஸ் உங்களுக்குக் காட்டாது. பவர்ஷெல்லை ரைட்-கிளிக் செய்து அட்மினாகத் திறந்து ஓட்டினால் பெரும்பாலானவை நிரம்பிவிடும்.

அப்போதும் சிலது காலியாக இருக்கும். எண் 0-இல் இருக்கும் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’, எண் 4-இல் இருக்கும் ‘சிஸ்டம்’ இரண்டுக்கும் டிஸ்க்கில் ஃபைலே கிடையாது. இரண்டும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொந்தமானவை. விண்டோஸ் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கும் சில ப்ராசஸ்களும் அட்மினுக்குக்கூட எல்லாவற்றையும் காட்டாது. காலியாக இருப்பது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது.

எங்கள் அலுவலகத்தில் பழைய விபிஸ்கிரிப்ட் ஒன்று இதே வேலைக்கு இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

இப்போதைக்கு ஓடும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. 1996-இல் வந்த விபிஸ்கிரிப்ட் என்ற ஸ்கிரிப்ட் மொழியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது விருப்பக் கூறாக மாறிவிட்டது. சுமார் 2027-இல் தானாக அணைந்த நிலையில் வரும், பிறகு முழுதாக எடுக்கப்படும் என்பது அவர்கள் சொன்ன வரிசை. ‘டபிள்யூஎம்ஐசி’ என்ற பழைய கட்டளையும் இதே வழியில்தான் போகிறது. புதிதாக எழுதுவதாக இருந்தால் பவர்ஷெல்லில் எழுதுங்கள்.

பழைய ஸ்கிரிப்டை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அதை டபுள்-கிளிக் செய்யாதீர்கள். டபுள்-கிளிக் செய்தால் ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ அதை இயக்கும். ‘எக்கோ’ என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டிப் பெட்டி திறந்து ஓகே கேட்கும். ஓகே அடித்தால் அடுத்த ப்ராசஸின் பெயரோடு அடுத்த பெட்டி. எத்தனை ப்ராசஸோ அத்தனை பெட்டி. பாதியில் தப்பிக்க டாஸ்க் மேனேஜரில் போய் டபிள்யூஸ்கிரிப்டையே முடிக்க வேண்டும். கருப்புத் திரையில் ‘சிஸ்கிரிப்ட்’ என்று அடித்து, பக்கத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் எல்லாம் வரிசையாகத் திரையில் ஓடும்.

இன்னொன்று, தேதி. அதில் தொடக்க நேரம் 20240914093015.482113+330 என்ற மாதிரி ஒரு நீளமான எண்ணாக வரும். 2024 செப்டம்பர் 14, காலை 9 மணி 30 நிமிடம் 15 விநாடி. புள்ளிக்குப் பின்னால் விநாடியின் பின்னம். கடைசியில் நிற்கும் +330-தான் பலரைக் குழப்பும். அது உலகப் பொது நேரத்திலிருந்து நாம் எத்தனை நிமிடம் முன்னால் இருக்கிறோம் என்பது. ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். இந்தியாவிலும் இலங்கையிலும் +330, சிங்கப்பூரில் +480. கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் இந்தத் தலைவலியைத் தானே பார்த்துக்கொண்டு ஒழுங்கான தேதியாகத் தந்துவிடும்.

எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரே பெயரில் ஐம்பது அறுபது ஓடுகிறது. வைரஸா?

இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. பதில்: பெரும்பாலும் இல்லை.

விண்டோஸின் பல சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் வேலைகள்) தனியாக ஓடக்கூடிய புரோகிராம்கள் அல்ல, வேறு புரோகிராம் ஏற்றிப் பயன்படுத்தும் டிஎல்எல் ஃபைல்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ப்ராசஸ் வேண்டும். அந்தச் சுமைதூக்கிதான் எஸ்விசிஹோஸ்ட். முன்பெல்லாம் ஒரு எஸ்விசிஹோஸ்ட்டுக்குள் பத்துப் பதினைந்து சர்வீஸ் குடியிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் கொடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை எகிறியது அதனால்தான்.

எது எந்த சர்வீஸ் என்று பார்க்க, டாஸ்க்லிஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘எஸ்விசி’ என்று சேர்த்து அடியுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக சர்வீஸ் பெயர் வரும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே வேண்டுமானால் ‘வின்32 அண்டர்ஸ்கோர் சர்வீஸ்’ வகுப்பிலும் ப்ராசஸ்ஐடி பத்தி உண்டு. எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்பது வைரஸ் எழுதுபவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்த கேள்வி.

அப்படியானால் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது?

பெயரை நம்பாதீர்கள். பெயர் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலின் மற்ற மூன்று பத்திகளைப் பாருங்கள்.

பாதை: உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-இலிருந்து ஓடும். 32-பிட் வகை ஒன்று சிஸ்வாவ்64-இல் இருக்கும். அதே பெயர் டெம்ப், டவுன்லோட்ஸ், ஆப்டேட்டா என்று எங்கிருந்தாவது ஓடினால் உடனே கவனியுங்கள். பெயரையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓ இருக்கும் இடத்தில் பூஜ்யம், சி-யும் வி-யும் இடம் மாறி நிற்பது எல்லாம் பழைய தந்திரம். ‘எல்சாஸ்’ என்ற கணக்குப் பாதுகாப்பு ப்ராசஸுக்கு முதல் எழுத்து சின்ன எல். அந்த இடத்தில் பெரிய ஐ வைத்தால் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கண் ஏமாறும், ஸ்கிரிப்ட் ஏமாறாது. அதனால் பெயரை ஸ்கிரிப்டையே ஒப்பிடவிடுங்கள்.

பெற்றோர்: எஸ்விசிஹோஸ்ட்டைத் தொடங்கிவைப்பது ‘சர்வீசஸ்’ என்ற ப்ராசஸ். பேரன்ட்ப்ராசஸ்ஐடியில் இருக்கும் எண் அதனுடையதாக இருக்க வேண்டும். வேர்டு ஒரு பவர்ஷெல்லைப் பெற்றிருந்தால் அது சாதாரண விஷயமே இல்லை. மெயிலில் வந்த ‘இன்வாய்ஸ்’ ஃபைலை யாரோ திறந்து மேக்ரோவை அனுமதித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.

கட்டளை வரி: இதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 மூன்றும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பிள்ளைகள். பாதையும் சரி, கையொப்பமும் சரி. ஆனால் பவர்ஷெல்லுக்குப் பின்னால் ‘என்கோடட்கமாண்ட்’ என்று போட்டு, பொருளே புரியாத நூறு எழுத்து தொடர்ந்தால், அதை யார் போட்டது என்று விசாரிக்காமல் விடக்கூடாது.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ‘கெட்-ஆத்தென்டிகோட்சிக்னேச்சர்’ கட்டளைக்குப் பாதையைக் கொடுத்து டிஜிட்டல் கையொப்பம் செல்லுமா என்று பார்க்கலாம்.

பேரன்ட் எண்ணைத் தேடினால் அப்படி ஒரு ப்ராசஸே பட்டியலில் இல்லை. தப்பா?

தப்பில்லை. டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்புளோரரைத் தொடங்கிவைப்பது ‘யூசர்இனிட்’. அது வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும். குழந்தையிடம் பெற்றோரின் எண் மட்டும் மிஞ்சும். ‘சிஎஸ்ஆர்எஸ்எஸ்’, ‘வின்இனிட்’ போன்றவற்றுக்கும் இதே கதை.

இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. ப்ராசஸ் எண்கள் நிரந்தரமில்லை. ஒன்று முடிந்ததும் அதன் எண்ணை விண்டோஸ் இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். அப்போது பட்டியலில் பேரன்ட் இருப்பது போலத் தெரியும், ஆனால் அது யாரோ எவரோ. கண்டுபிடிக்க எளிய வழி கிரியேஷன்டேட் பத்தி. பெற்றோர் என்று காட்டப்படுவது குழந்தைக்குப் பிறகு பிறந்திருந்தால் அந்த உறவு பொய். பட்டியலில் தொடக்க நேரத்தைச் சேர்க்கச் சொன்னதற்கு இதுவே பாதிக் காரணம்.

சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் 95 சதவீதம் சிபியுவைத் தின்கிறதே?

தின்னவில்லை. சிபியு 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அந்த எண் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

கெட்-ப்ராசஸில் சிபியு பத்தியில் 1,843 என்று வருகிறது. 100-ஐத் தாண்டலாமா?

அது சதவீதம் இல்லை, விநாடி. அந்த ப்ராசஸ் தொடங்கியதிலிருந்து எல்லா கோர்களிலும் சேர்த்து எடுத்துக்கொண்ட மொத்த சிபியு நேரம். மூன்று நாளாக அணைக்காத சிஸ்டத்தில் எண் பெரிதாக இருப்பது இயல்பு.

இந்த நிமிடம் யார் இழுக்கிறார்கள் என்று தெரிய இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒரு தடவை எடுங்கள், ‘ஸ்டார்ட்-ஸ்லீப்’ போட்டு 5 விநாடி காத்திருங்கள், மறுபடி எடுங்கள். நாலு லாஜிக்கல் ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் அந்த 5 விநாடிக்குள் கிடைக்கக்கூடிய மொத்த சிபியு நேரம் 20 விநாடி. ஒரு ப்ராசஸின் எண் 10 ஏறியிருந்தால் அது பாதி சிபியுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதாவது 50 சதவீதம்.

வின்32 ப்ராசஸ் வகுப்பிலிருந்து எடுத்தால் ‘யூசர்மோட்டைம்’, ‘கெர்னல்மோட்டைம்’ என்று இரண்டு பத்தி. இரண்டும் 100 நானோவிநாடிக் கணக்கில் இருக்கும். கூட்டி, ஒரு கோடியால் வகுத்தால் விநாடி வந்துவிடும்.

மெமரி பத்தியைக் கூட்டினால் ராமைவிட அதிகமாக வருகிறது!

வரலாம். ‘வொர்க்கிங்செட்’ என்பதில் பல ப்ராசஸ்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டிஎல்எல் பக்கங்களும் அடங்கும். டிஸ்க்கிலிருந்து ஒரே தடவை ஏற்றப்பட்ட பக்கம், ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கிலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. டாஸ்க் மேனேஜர் அந்தப் பொதுப் பங்கைக் கழித்துவிட்டுக் காட்டுவதால் அங்கே எண் சின்னதாக இருக்கும். இரண்டும் சரிதான். எது ஏறிக்கொண்டே போகிறது என்று பார்க்க இரண்டில் எதுவும் உதவும், கூட்டிப் பார்க்கத்தான் உதவாது.

ஸ்கிரிப்டில் பைட் கணக்கை எம்பியாக மாற்ற, ‘1எம்பி’ என்று எழுதி வகுத்தாலே பவர்ஷெல்லுக்குப் புரியும்.

ஒரே ஒரு டேப் திறந்திருக்கிறேன். குரோம் ஏன் பத்து ப்ராசஸ்?

2008-இல் வெளியான நாளிலிருந்தே குரோமின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் செயலிழந்தாலும் முழு பிரௌசரும் விழக்கூடாது, ஒரு தளம் இன்னொரு தளத்தின் மெமரியை எட்டிப் பார்க்கக்கூடாது. அதனால் டேப், எக்ஸ்டென்ஷன், கிராஃபிக்ஸ், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் தனி ப்ராசஸ். கட்டளை வரிப் பத்தியில் ‘டைப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ரெண்டரர்’, ‘ஜிபியு-ப்ராசஸ்’ என்று இருக்கும். அதை வைத்து எது எது என்று பிரிக்கலாம்.

எக்செலில் திறந்தால் தமிழ் ஃபோல்டர் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது.

என்கோடிங் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி தானாகவே ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்துக் குறியீட்டில் எழுதும். அதில் தமிழுக்கு இடமில்லை. ‘கணக்கு 2024’ என்ற ஃபோல்டரில் மிஞ்சுவது 2024 மட்டும்தான். இப்படி எழுதிவிட்ட ஃபைலில் எழுத்துகள் தொலைந்ததுதான், திரும்ப மீட்க வழியில்லை. மறுபடி பட்டியல் எடுக்க வேண்டும்.

‘என்கோடிங் யுடிஎஃப்8’ சேர்த்தால் 5.1-இல் சரியாகிவிடும். ஃபைலின் தலையில் பாம் என்ற அடையாளத்தையும் அது சேர்ப்பதால் எக்செலும் புரிந்துகொள்ளும். பவர்ஷெல் 7-இல் நிலைமை கொஞ்சம் வேறு: தமிழ் தானாகவே ஒழுங்காகப் பதியும், ஆனால் பாம் இருக்காது. டபுள்-கிளிக் செய்து எக்செலில் திறந்தால் தமிழுக்குப் பதில் விசித்திரமான லத்தீன் குறிகள் தெரியலாம். அங்கே ‘யுடிஎஃப்8பாம்’ என்று போடுங்கள்.

பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடுவது எப்படி?

இரண்டு ஃபைலையும் ‘இம்போர்ட்-சிஎஸ்வி’ மூலம் இரண்டு மாறிகளில் ஏற்றி, ‘கம்பேர்-ஆப்ஜெக்ட்’ கட்டளைக்குக் கொடுங்கள். பழையது முதலில், புதியது பின்னால். ‘ப்ராப்பர்ட்டி’ என்பதில் பெயரையும் பாதையையும் மட்டும் சொல்லுங்கள். ப்ராசஸ் எண்ணையும் தொடக்க நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு வரியும் வித்தியாசமாகத் தெரியும், ஏனென்றால் ரீஸ்டார்ட் செய்தால் அவை மாறத்தான் செய்யும். வலப்பக்கம் பார்க்கும் அம்பு புதிதாக வந்தது. இடப்பக்கம் பார்ப்பது காணாமல் போனது.

பாதையில் பதிப்பு எண் இருக்கும் சில புரோகிராம்கள் அப்டேட் ஆன ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்தது போலக் காட்டும். நாலைந்து தடவை பார்த்தால் அவை எவை என்று பழகிவிடும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக எடுக்க வைத்தால் எல்லாமே பிடிபடுமா?

டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாம், சிரமமில்லை. ஆனால் எல்லாமே பிடிபடாது. ஒரு பட்டியல் என்பது பஸ் ஸ்டாண்டை ஒரு தடவை போட்டோ எடுத்தது போல. இரண்டு போட்டோவுக்கு நடுவில் வந்து போன பஸ் எதிலும் இருக்காது. அரை விநாடி ஓடி முடியும் ப்ராசஸ்கள் ஏராளம்.

அவற்றையும் பிடிக்க வேண்டுமானால் விண்டோஸின் செக்யூரிட்டி லாகில் ப்ராசஸ் தொடக்கத்தைப் பதிவு செய்யும் தணிக்கையை இயக்க வேண்டும். ஒவ்வொரு புதிய ப்ராசஸுக்கும் 4688 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். கட்டளை வரி அதில் தானாக வராது. அதற்கான பாலிசியைத் தனியாக இயக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டைக் கொடுத்து ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் புரோகிராம் எல்லாம் அலுவலகங்களில் சகஜம். உங்கள் சிஎஸ்வி ஃபைலில் அந்தப் பாஸ்வேர்ட் அப்படியே வந்து நிற்கும். பொது ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள். உதவி கேட்டு வாட்ஸப் குழுவில் அனுப்பும் முன் அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள்.

என் சீட்டிலிருந்தே அடுத்த அறை கம்ப்யூட்டரின் பட்டியலை எடுக்கலாமா?

கெட்-சிம்இன்ஸ்டன்ஸோடு ‘கம்ப்யூட்டர்நேம்’ சேர்த்தால் எடுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் உங்களுக்கு அட்மின் உரிமை வேண்டும், தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் ‘வின்ஆர்எம்’ சேவை ஓட வேண்டும், ஃபயர்வாலில் 5985 போர்ட் திறந்திருக்க வேண்டும். ஒரே டொமைனில் இருந்தால் சுலபம். டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் நேரத்தில் எழுந்து போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம்.

பட்டியலில் இல்லை என்றால் ஓடவில்லை என்று நம்பலாமா?

சாதாரணமாக நம்பலாம். ஆனால் ஸ்கிரிப்டுக்குப் பதில் சொல்வது விண்டோஸ்தான். விண்டோஸின் அடிமடியிலேயே யாராவது கை வைத்திருந்தால் பதில் பொய்யாகலாம். 2005 அக்டோபர் கடைசியில் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் வெளிக்கொண்டு வந்த சோனி பிஎம்ஜி விவகாரம் இதற்குப் பேர்போன உதாரணம். பாட்டு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி தடுப்பு என்ற பெயரில், விண்டோஸின் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும் ரூட்கிட் ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. டாலர் குறி, எஸ்ஒய்எஸ், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் எந்தப் பெயரானாலும், ஃபைலோ ப்ராசஸோ, அதைக் கண்ணில் படாமல் மறைத்தது. டாஸ்க் மேனேஜரும் காட்டவில்லை. அந்த அளவு சந்தேகம் வந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸைக் கேட்டுப் பயனில்லை. வெளியிலிருந்து பூட் செய்து டிஸ்க்கை ஸ்கேன் செய்ய வேண்டும்.

லினக்ஸில் எப்படி?

அங்கே இது இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் பட்டியல் ஏற்கெனவே ஃபோல்டராக இருக்கிறது. ‘ப்ராக்’ என்ற ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணே பெயராக ஒரு சப்ஃபோல்டர். உள்ளே ‘காம்’ ஃபைலில் பெயர், ‘சிஎம்டிலைன்’ ஃபைலில் கட்டளை வரி, ‘ஸ்டேட்டஸ்’ ஃபைலில் பெற்றோர் எண்ணும் மெமரியும். இவை டிஸ்க்கில் இல்லை; நீங்கள் படிக்கும் அந்த நொடியில் கெர்னல் எழுதித் தருகிறது. ப்ராசஸைக் ஃபைலாகக் காட்டும் இந்த யோசனை 1984-இல் டாம் கில்லியன் யூனிக்ஸின் எட்டாம் பதிப்புக்காகச் செய்தது.

ஆகவே ஸ்கிரிப்ட் என்பது ஒரு ‘ஃபார்’ லூப். எண்ணில் தொடங்கும் பெயருள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் போய் காம் ஃபைலைப் படித்து அச்சிட வேண்டும், அவ்வளவுதான். ‘பிஎஸ்’ கட்டளையும் உள்ளே இதைத்தான் செய்கிறது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் உட்பட எல்லா லினக்ஸுக்கும் இது பொருந்தும்.

லூப் ஓடும்போதே சில ப்ராசஸ் முடிந்துவிடும். “அப்படி ஃபைல் இல்லை” என்று பிழை வரும். அதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதுங்கள். காம் ஃபைலில் பெயர் 15 எழுத்தோடு வெட்டப்பட்டிருக்கும். சிஎம்டிலைனில் சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் பூஜ்ய பைட் இருப்பதால் எல்லாம் ஒட்டிக்கொண்டு தெரியும். ‘டிஆர்’ கட்டளையால் இடைவெளியாக மாற்றிக்கொள்ளலாம். சிஎம்டிலைன் முழுக்கக் காலியாக இருப்பவை பெரும்பாலும் கெர்னலின் சொந்த வேலையாட்கள். பிஎஸ் அவற்றைச் சதுர அடைப்புக்குள் காட்டும்.

சந்தேகமான ப்ராசஸை ஸ்கிரிப்டே நிறுத்திவிடும்படி எழுதலாமா?

‘ஸ்டாப்-ப்ராசஸ்’ இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் நிறுத்திவிடும். தானாக நிறுத்தும்படி எழுதுவதற்கு நான் எதிரி. சிஎஸ்ஆர்எஸ்எஸ் போன்ற ஒன்றை நிறுத்தினால் நீலத்திரைதான். டாலியில் பாதிப் பதிவில் இருக்கும் கணக்காளரின் வேலையும் அப்படியே போகலாம். பெயரைக் கொடுத்து நிறுத்தினால் அந்தப் பெயரில் ஓடும் எல்லாமே நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்கிரிப்ட் பட்டியலிடட்டும், முடிவை ஆள் எடுக்கட்டும். கையால் நிறுத்தும்போதும் ‘வாட்இஃப்’ சேர்த்து ஒரு தடவை ஓட்டினால், எதை நிறுத்தப்போகிறது என்று சொல்லிவிட்டு எதையும் தொடாமல் நின்றுவிடும்.

பட்டியலில் என் பவர்ஷெல்லே இருக்கிறது. கூடவே ‘டபிள்யூஎம்ஐபிஆர்விஎஸ்இ’ என்று புதிதாக ஒன்று. அது யார்?

நீங்கள் வரவழைத்தவர்தான். டபிள்யூஎம்ஐயிடம் கேள்வி கேட்டால் அதற்குப் பதில் தேடித்தர அந்த ப்ராசஸ் எழும்பும். வேலை இல்லாமல் கொஞ்ச நேரம் கழிந்ததும் தானே போய்விடும். உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் பவர்ஷெல்லின் எண், டாலர் குறியோடு ‘பிஐடி’ என்று எழுதும் மாறியில் எப்போதும் இருக்கும். ‘வேர்-ஆப்ஜெக்ட்’ போட்டு அந்த எண்ணைத் தவிர்த்துவிட்டால் பட்டியலில் உங்கள் தலை தெரியாது.